நல்ல கொழுப்பு சரி, எவ்வளவு? முழு உணவில் அளவு பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாக்கெட் உணவு என்றால் பின்பக்கம் ஒரு கட்டம் போட்டு, கொழுப்பு இத்தனை கிராம் என்று அச்சடித்திருப்பார்கள். அவகாடோ தோலில் அப்படி எதுவும் எழுதியிருப்பதில்லை. பாக்கெட்டை விட்டுவிட்டு கொட்டைகள், விதைகள், மீன், முட்டை, காய், தானியம் என்று முழு உணவுக்கு மாறுகிறவர்களில் பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான். இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் எடை ஏறிவிட்டதே என்பார்கள். என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பட்டியலில் குறை சொல்ல ஒரு பொருள்கூட இருக்காது. இன்னொரு பக்கம், கொழுப்புக்குப் பயந்து எல்லாவற்றையும் வேகவைத்தே சாப்பிட்டு, காலைச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரத்தில் பசியோடு சமையலறையைச் சுற்றி வருகிறவர்களும் உண்டு.

நான் முதல் வகையில் இருந்தவன். அப்புறம் நாலைந்து பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தபோது, எல்லோருக்கும் கால் இடறுவது ஒரே இடத்தில் என்று புரிந்தது. தட்டில் ஏற்கெனவே இருக்கிற கொழுப்பைப் பார்க்காமல், மேலே ஊற்றுவதையும் தூவுவதையும் முதலில் முடிவு செய்துவிடுகிறார்கள். அதனால் கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். குறிப்பாக நாலாவது படியைத் தாண்டிவிட்டு ஐந்தாவதுக்குப் போனால் எதுவும் கைக்கு வராது.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று. அளவுக் கரண்டி ஒரு செட்: 5 மில்லி டீஸ்பூன், 15 மில்லி டேபிள்ஸ்பூன். வீட்டில் சாப்பிடும் கரண்டியை வைத்து அளக்காதீர்கள், ஒவ்வொன்றும் ஒரு ஆழம். ஒரு நோட்டு, அல்லது போனில் ஒரு குறிப்பு. அவ்வளவுதான் செலவு.

கைபேசிச் செயலி வேண்டாமா என்று கேட்பார்கள். முதல் வாரம் வேண்டாம் என்பது என் கருத்து. செயலியில் "ஒரு கைப்பிடி பாதாம்" என்று தட்டினால் அது ஏதோ ஒரு எண்ணைக் காட்டும், நீங்கள் நம்பிவிடுவீர்கள், உங்கள் கை எவ்வளவு பெரியது என்று அதற்குத் தெரியாது. நாம் இங்கே பழக்கப்போவது கண்ணையும் கையையும்தான்.

ஒன்றைக் கட்டாயம் சொல்லிவிடுகிறேன். பித்தப்பைக் கல், கணையப் பிரச்சினை, கொழுப்பு செரிக்காத கோளாறு என்று ஏதாவது இருந்தால், அல்லது மருத்துவர் ஏற்கெனவே ஒரு வரம்பு சொல்லியிருந்தால், இங்கே உள்ள எண்களை விட்டுவிட்டு அவர் சொன்னதையே பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு இந்தக் கணக்கைப் போடவே கூடாது, அந்த வயதில் கொழுப்பைக் குறைப்பது தவறு.

2. ஒரு நாளுக்கான வரம்பைப் போடுங்கள்

வரம்பு தெரியாமல் அளந்தால், 14 கிராம் என்று தராசு காட்டும்போது அது அதிகமா குறைவா என்று சொல்ல முடியாது. அதனால்தான் தராசைத் தொடுவதற்கு முன்பே இந்தப் படி.

உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மொத்தக் கலோரியில் கொழுப்பு 30 சதவீதமோ அதற்குக் கீழோ இருக்கட்டும் என்கிறது. சில நாடுகளின் பரிந்துரைகள் 35 சதவீதம் வரை விடுகின்றன. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 தான், அதாவது பாதிக்கும் குறைவு. இதை வைத்து ஒரு குறுக்குவழி: உங்கள் ஒரு நாள் கலோரியை 30-ஆல் வகுத்தால் வருவது கொழுப்பின் மேல் வரம்பு, கிராமில். 2000 கலோரி என்றால் 67 கிராம். 1800 என்றால் 60. 1500 என்றால் 50.

கீழ் வரம்பும் ஒன்று வேண்டும், ஏனென்றால் ஆர்வக்கோளாறில் இறங்கிக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள். 20 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. அதற்குக் கலோரியை 45-ஆல் வகுக்க வேண்டும். 2000 கலோரிக்கு 44 கிராம். ஆக 44-க்கும் 67-க்கும் நடுவில் எங்கே நின்றாலும் சரி. இதில் 58-ஆ 59-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உங்கள் கலோரித் தேவை தெரியவில்லையா? 1800 அல்லது 2000 என்று வைத்துத் தொடங்குங்கள். எட்டாவது படியில் உடம்பே திருத்திக் கொடுத்துவிடும்.

3. கிராமை மறந்துவிட்டு, 5 கிராமை ஒரு பங்காக வையுங்கள்

சாப்பாட்டு நேரத்தில் 13.5 கூட்டல் 4.8 என்று யாரும் கூட்டிக்கொண்டிருக்க முடியாது. மூன்றாவது நாளே விட்டுவிடுவீர்கள். அதனால் 5 கிராம் கொழுப்பு ஒரு பங்கு. நீரிழிவு உள்ளவர்களுக்கு உணவியல் நிபுணர்கள் பயன்படுத்தும் மாற்றுப் பட்டியல்களிலும் (எந்த உணவுக்குப் பதில் எது, எவ்வளவு என்று காட்டுபவை) ஒரு கொழுப்புப் பங்கு 5 கிராம்தான், நான் புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. 60 கிராம் வரம்பு என்றால் ஒரு நாளைக்கு 12 பங்கு. 67 என்றால் 13.

இப்போது எது எவ்வளவு சேர்ந்தால் ஒரு பங்கு? முழுக்கவே கொழுப்பாக இருப்பது எண்ணெய்: ஒரு டீஸ்பூன் ஒரு பங்கு, சரியாகச் சொன்னால் 4.5 கிராம். வெண்ணெயில் கொஞ்சம் நீரும் இருப்பதால் டீஸ்பூனை லேசாகக் குவித்துக்கொள்ளலாம்.

அடுத்தது, எடையில் பாதி அளவுக்குக் கொழுப்பாக இருப்பவை. பாதாம் 8, முந்திரி 7, வால்நட் 4 அரைத்துண்டு, நிலக்கடலை ஒரு 10 கிராம், எள் அல்லது சூரியகாந்தி விதை ஒரு டேபிள்ஸ்பூன், நிலக்கடலை வெண்ணெய் 2 டீஸ்பூன். இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு பங்கு. ஆளி விதைப் பொடி கொஞ்சம் லேசு, கிட்டத்தட்ட 2 டேபிள்ஸ்பூன் வரை போகலாம்.

மூன்றாவது கூட்டம்தான் ஆளை ஏமாற்றும், ஏனென்றால் இவற்றை நாம் கொழுப்பு என்று நினைப்பதில்லை, புரதம் அல்லது காய்கனிக் கணக்கில் வைத்துவிடுகிறோம். ஒரு பெரிய முட்டை ஒரு பங்கு (எல்லாம் மஞ்சள் கருவில்). கொழுப்பு நீக்காத பால் 150 மில்லி ஒரு பங்கு. சீஸ் 15 கிராம், அதாவது இரண்டு பகடைக்காய் அளவு, ஒரு பங்கு. அவகாடோ சதை 35 கிராம், தேங்காய்த் துண்டு வெறும் 15 கிராம். சால்மன் மீன் 100 கிராம் சாப்பிட்டால் இரண்டரைப் பங்கு வந்துவிடும். அதே எடையில் கொழுப்பில்லாத வெள்ளை மீன் அரைப் பங்குகூடத் தேறாது. தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி 100 கிராம் ஒரு பங்குக்கும் கீழே, தோலோடு வறுத்த தொடைக்கறி என்றால் மூன்று.

காய், பழம், பருப்பு, தானியம் எல்லாம்? அவற்றிலும் சிறிது உண்டு. 40 கிராம் ஓட்ஸில் ஏறக்குறைய 3 கிராம், வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் இரண்டரை கிராம். ஒவ்வொன்றாகத் துரத்த வேண்டாம். ஒரு நாளைக்கு 2 பங்கை இவற்றுக்கென்று முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள், 12 பங்குக்காரருக்கு மீதி 10. இந்த ஒதுக்கீட்டைச் செய்யாதவர்கள் தினமும் 10 கிராம் தெரியாமலே தாண்டுகிறார்கள்.

4. ஒரு வாரம் எடை போடுங்கள், கையோடு ஒப்பிடுங்கள்

தராசு ஆயுள் முழுக்க அல்ல, ஒரு வாரத்துக்கு மட்டும். ஆனால் அந்த ஒரு வாரம் ஏமாற்றாமல் செய்ய வேண்டும்.

வழக்கம்போல் எடுங்கள். அதாவது தராசு இல்லாத நாளில் எவ்வளவு எடுப்பீர்களோ அவ்வளவு. எடுத்த பிறகு, வாயில் போடுவதற்கு முன், தராசில் வையுங்கள். நினைத்தது எவ்வளவு, தராசு காட்டியது எவ்வளவு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நினைத்ததை முதலில் எழுதுவது முக்கியம். தராசைப் பார்த்துவிட்டு எழுதினால் "நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்று மனசு சமாதானம் சொல்லிவிடும், பயிற்சி வீண்.

ஆளுக்கு ஆள் கை மாறும் என்பதையும் இந்த வாரத்தில்தான் பார்க்க முடியும். ஒரு கைப்பிடி என்றால் 28 கிராம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். என் கைப்பிடியில் பாதாம் 34 கிராம் வந்தது, என் மனைவியின் கைப்பிடியில் 22. ஒரே பாத்திரம், ஒரே பாதாம், கொழுப்பில் 6 கிராம் வித்தியாசம். இருவரும் ஒரு கைப்பிடிதான் சாப்பிட்டோம் என்று சத்தியம் செய்வோம்!

கட்டைவிரலும் அப்படித்தான். நகம் இருக்கும் மேல் கணு ஒரு டீஸ்பூன், முழுக் கட்டைவிரல் ஒரு டேபிள்ஸ்பூன் என்பது பொதுவான கணக்கு. கெட்டியாக இருக்கும் வெண்ணெய்க்கும் நிலக்கடலை வெண்ணெய்க்கும் சீஸுக்கும் இது உதவும். உங்கள் விரலுக்கு எவ்வளவு என்று ஒரு முறை அளந்து, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். எண்ணெய்க்கு விரலை நம்ப வேண்டாம், அது ஓடுகிற பொருள். அதற்குத் தனிப் படி இருக்கிறது.

5. தட்டை இந்த வரிசையில் நிரப்புங்கள்

மொத்த வழிகாட்டியும் இதற்காகத்தான்.

முதலில் முக்கிய உணவு. அதில் பிறவியிலேயே இருக்கிற கொழுப்பு எவ்வளவு பங்கு என்று பாருங்கள். இரண்டு முட்டையா, இரண்டு. சால்மனா, இரண்டரை. பருப்பா, ஏற்கெனவே ஒதுக்கிய கணக்கில் போய்விட்டது, பூஜ்யம்.

இரண்டாவது, சமைக்க ஊற்றும் எண்ணெய்.

மூன்றாவது, கடைசியாக, மேலே தூவுவதும் ஊற்றுவதும்: கொட்டை, விதை, சீஸ், அவகாடோ, ஆலிவ் எண்ணெய்.

ஏன் இந்த வரிசை? முதல் இரண்டையும் பிறகு குறைக்க முடியாது. கலக்கிச் சமைத்த முட்டையிலிருந்து மஞ்சள் கருவை உருவ முடியாது, வாணலியில் போன எண்ணெயைத் திரும்ப எடுக்க முடியாது. மேலே தூவுவதை மட்டும்தான் கையை நிறுத்திக் கட்டுப்படுத்தலாம். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், ஏனென்றால் "நல்ல கொழுப்பு சேர்த்துக்கொள்" என்று கேள்விப்பட்டதும் ஞாபகம் வருவது தூவுகிற பொருள்கள்தான்.

ஒரு உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இரவுக்கு வெறும் சாலட்தான் சாப்பிடுவார். கீரையும் வெள்ளரியும் தக்காளியும் ஒரு பெரிய கிண்ணம். அதன் மேல் அரை அவகாடோ, 75 கிராம்: 2 பங்கு. ஒரு கை வால்நட், எண்ணிப் பார்த்தால் 14 அரைத்துண்டு: மூன்றரை. சீஸ் துருவல் 28 கிராம்: கிட்டத்தட்ட 2. ஆலிவ் எண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன், அவர் மொழியில் "லேசாக": ஐந்தரை. கூட்டினால் 13. 2000 கலோரி ஆளுக்கு ஒரு நாள் முழுவதற்குமான கொழுப்பு, இரவு எட்டு மணிக்கு, சாலட் என்ற பெயரில். பொருள் ஒவ்வொன்றும் நல்ல பொருள்தான், அவர்மேல் தப்பு சொல்லவும் முடியாது.

அதே கிண்ணத்தை வரிசைப்படி செய்தோம். முக்கிய உணவு என்று ஒன்று வேண்டுமே, வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப் போட்டோம். எண்ணெய் ஒரு டீஸ்பூன், எலுமிச்சைச் சாறோடு அடித்துக் கலந்து. அவகாடோ அப்படியே இருக்கட்டும் என்றார், சரி. வால்நட் 4 துண்டைப் பொடியாக நறுக்கித் தூவினோம், முழுசாகப் போடுவதைவிட எல்லா வாயிலும் கொஞ்சம் கொஞ்சம் வரும். சீஸ் வேண்டாம். நாலு பங்கு. வயிறு முன்பைவிட நன்றாக நிறைந்தது என்று அவரே சொன்னார், அது கொண்டைக்கடலையின் வேலை.

இதைப் பார்த்துவிட்டு நேர் எதிர்ப்பக்கம் போய், எண்ணெயே இல்லாத சாலட் செய்யாதீர்கள். கேரட், கீரை, தக்காளியில் இருக்கும் கரோட்டினாய்டு என்ற நிறச்சத்துகளும் ஏ, டி, ஈ, கே விட்டமின்களும் கொழுப்பில் கரைந்துதான் உடம்பில் சேரும். ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒரு வடிவத்தில் குறைந்தது ஒரு பங்காவது இருக்கட்டும்.

ஒரு வேளைக்கு எத்தனை பங்கு என்றால், 12-இல் ஒதுக்கீடு 2 போக மீதி 10: மூன்று வேளைக்கும் தலா 3, நடுவில் கொறிக்க 1. ஒரு வேளை 5 ஆகிவிட்டால் அடுத்த வேளையில் சரிசெய்யலாம். அதே நாளில் சரிசெய்ய முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், மறுநாளுக்குக் கடனைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

6. எண்ணெயைத் தனியாக அடக்குங்கள்

எண்ணெய் முழு உணவே இல்லை என்று வாதம் செய்கிறவர்கள் உண்டு, பிழிந்து எடுத்த பிறகு நாரும் புரதமும் போய்விடுகிறதே என்பார்கள். பேச்சுக்கு அது சரிதான். ஆனால் முழு உணவு சாப்பிடுகிற எல்லோர் சமையலறையிலும் ஒரு புட்டி நிற்கிறது, கணக்கு உதைப்பதும் அங்கேதான்.

இந்தச் சோதனையை ஒரு முறை செய்யுங்கள். எண்ணெய்ப் புட்டியைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல் வாணலியில் ஊற்றுங்கள். புட்டியைத் திரும்பத் தராசில் வையுங்கள். நான் முதல் முறை செய்தபோது ஒரு டேபிள்ஸ்பூன் ஊற்றியதாக நினைத்தேன், வாணலியில் ஒரு சுற்றுதான் விட்டேன். குறைந்திருந்தது 38 கிராம். கிட்டத்தட்ட மூன்று டேபிள்ஸ்பூன், 340 கலோரி. நம்பாமல் தராசை அணைத்துப் போட்டு மறுபடியும் வைத்தேன். அதே எண்தான்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், அகலமான வாணலியில் எண்ணெய் பரவிவிடும், பார்த்தால் கொஞ்சமாகவே தெரியும். புட்டியின் வாய் அகலமாக இருந்தால் ஒரு நொடியில் ஒரு டேபிள்ஸ்பூன் போய்விடும். ஆகவே முதல் வேலை, புட்டியிலிருந்து நேராக ஊற்றுவதை நிறுத்துவது. கரண்டியில் ஊற்றி, கரண்டியிலிருந்து வாணலிக்கு. அடுப்பு பக்கத்திலேயே அந்த 5 மில்லி கரண்டியைத் தொங்கவிடுங்கள்; அலமாரிக்குள் வைத்தால் எடுக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும்.

பலருக்குச் சேர்த்துச் சமைக்கும்போது பாத்திரத்துக்கு ஊற்றியதை ஆட்களால் வகுத்துக்கொள்ளலாம். நாலு பேருக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் என்றால் தலைக்கு ஒன்றரை டீஸ்பூன், ஒன்றரைப் பங்கு. வகுப்பது வரைக்கும் சரியாகச் செய்துவிட்டு, பாத்திரத்தின் அடியில் தேங்கிய எண்ணெயை வழித்துத் தன் தட்டில் போட்டுக்கொள்கிறவர் மட்டும் தன் பங்கைக் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டும்.

பொரித்ததைக் கணக்கிட நான் முயற்சி செய்வதில்லை. உணவின் ஈரம், சூடு, நேரம் என்று எத்தனையோ விஷயங்களைப் பொறுத்து உறிஞ்சும் அளவு மாறும். பொரித்த நாளில் தூவுகிற மூன்றாவது வரிசையை முழுவதும் விட்டுவிடுங்கள், அது போதும்.

அடியில் ஒட்டாமல் இருக்கத்தானே இவ்வளவு எண்ணெய் ஊற்றுகிறோம் என்பவர்களுக்கு ஒரு சின்ன யோசனை: வாணலி நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய் விடுங்கள். சூட்டில் எண்ணெய் இளகி, பாதி அளவே எல்லாப் பக்கமும் பரவிவிடும். வெங்காயம் அடிப்பிடிக்க ஆரம்பித்தால் எண்ணெய்க்குப் பதில் ஒரு கரண்டி தண்ணீர் தெளியுங்கள்.

7. கொட்டைகள்: எடுத்து வைத்துவிட்டு உட்காருங்கள்

பையோடு உட்கார்ந்தால் அளவு என்று ஒன்று இல்லை. ஒரு மாலை 200 கிராம் முந்திரிப் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தேன், எழுந்தபோது பையில் 70 கிராம் இருந்தது. 130 கிராம் முந்திரியில் 57 கிராம் கொழுப்பு, அதாவது பதினொரு பங்குக்கும் மேல். அத்தனையும் கொறித்தது, சாப்பாடு தனி.

அதனால் வரிசை இதுதான்: சின்னக் கிண்ணத்தில் எண்ணிப் போடுங்கள், பையை மூடுங்கள், பையை எடுத்த இடத்தில் வையுங்கள், அப்புறம் உட்காருங்கள். மூன்றாவதைச் செய்யாமல் நாலாவதைச் செய்தால் முதலிரண்டுக்கும் அர்த்தமில்லை. ஓட்டோடு இருக்கும் பிஸ்தாவோ வால்நட்டோ கிடைத்தால் இன்னும் நல்லது, உடைக்கிற நேரத்தில் கை மெதுவாகிவிடும், ஓட்டுக் குவியல் எவ்வளவு தின்றோம் என்று காட்டிக்கொண்டே இருக்கும்.

முழுக் கொட்டைக்கும் அரைத்ததற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 28 கிராம் முழுப் பாதாமில் கணக்குப்படி ஏறக்குறைய 170 கலோரி வர வேண்டிய இடத்தில் உடம்புக்குக் கிடைத்தது 129 தான். மெல்லும்போது உடையாத செல் சுவர்களுக்குள் கொழுப்பின் ஒரு பகுதி மாட்டிக்கொண்டு அப்படியே வெளியேறிவிடுகிறது. மையாக அரைத்துவிட்டால் அந்தச் சுவர்கள் பெரும்பாலும் உடைந்துவிடும். இதைச் சாக்காக வைத்து இரண்டு கை அதிகம் அள்ள வேண்டாம். பங்கை அப்படியே எண்ணுங்கள், ஆனால் தேர்வு இருக்கும்போது அரைத்த கொட்டை வெண்ணெயைவிட முழுக் கொட்டையைத் தேர்ந்தெடுங்கள். கரண்டியை நக்குகிற பழக்கமும் நின்றுவிடும்.

விதைகளில் ஆளி விதை மட்டும் நேர் எதிர்: பொடித்துத்தான் சாப்பிட வேண்டும், முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும். பொடித்தது சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும் என்பதால், ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் பொடித்துக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

பிரேசில் நட் வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அதில் செலினியம் என்ற தாதுச்சத்து மிக அதிகம், ஒரு கொட்டையே ஒரு நாள் தேவையைத் தாண்டலாம். தினமும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. கைப்பிடிக் கணக்கு அதற்கு ஆகாது.

8. அளவு பிடிபட்ட பிறகு வகையைப் பாருங்கள், உடம்பைக் கேட்டுத் திருத்துங்கள்

எந்தக் கொழுப்பு நல்லது என்பதை இவ்வளவு தள்ளி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அதை முதலில் படித்தவர்கள் ஆலிவ் எண்ணெய் நல்லது என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகிறார்கள், அளவுக்கு வருவதே இல்லை.

அதே 2023 வழிகாட்டுதல் நிறைவுற்ற கொழுப்பை (saturated fat) மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. இதற்கும் குறுக்குவழி: கலோரியை 90-ஆல் வகுங்கள். 2000-க்கு 22 கிராம், 1800-க்கு 20. பங்குக் கணக்கில் சொன்னால் 4. அறை வெப்பத்தில் உறைந்து நிற்பதில் நிறைவுற்றது அதிகம் என்பது சுமாரான அடையாளம். வெண்ணெய், சீஸ் இரண்டிலும் கொழுப்பில் ஏறக்குறைய 60 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்றது. தேங்காயில் 90 சதவீதத்தை ஒட்டி. முட்டையில் மூன்றில் ஒரு பங்கு. அவகாடோ, பாதாம், வால்நட், ஆலிவ் எண்ணெயில் 15 சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

ஆக, ஒரு நாளின் 12 பங்கில் வெண்ணெய், சீஸ், தேங்காய், கொழுப்புள்ள இறைச்சி நான்கும் சேர்ந்து 3, 4-க்குள் நின்றால் நிறைவுற்றதைத் தனியாக எண்ண வேண்டிய தேவை வராது. மீதியைக் கொட்டை, விதை, மீன், தாவர எண்ணெய் என்று பிரித்துவிடுங்கள். கானாங்கெளுத்தி, மத்தி, சால்மன் மாதிரி எண்ணெய்ச் சத்துள்ள மீன் வாரத்தில் ஒரு முறையாவது வரட்டும், ஒமேகா-3 என்ற கொழுப்பு வகை அங்கேதான் நேரடியாகக் கிடைக்கும். மீன் சாப்பிடாதவர்களுக்கு ஆளி, சியா, வால்நட்.

இனி திருத்தம். மூன்று வாரம் இதே அளவில் போங்கள். நடுவில் தினம் தினம் எடை பார்த்து மாற்றாதீர்கள். உப்பும் நீரும் ஆடுகிற ஆட்டம் அது. மூன்று வாரம் கழித்து, எடை வேண்டாத பக்கம் நகர்ந்திருந்தால் ஒரு நாளைக்கு 2 பங்கு மட்டும் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள், அது 90 கலோரி. குறைப்பதானால் எண்ணெயில் முதலில் கை வையுங்கள். பாதாமைக் குறைத்தால் அதோடு நாரும் புரதமும் போகும், எண்ணெயைக் குறைத்தால் போவது எண்ணெய் மட்டும்.

எடை சரியாக இருந்தும் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் பசிக்கிறது என்றால், நேராகக் கொழுப்பைக் கூட்டிவிடாதீர்கள். அந்த வேளைத் தட்டில் புரதம் இருந்ததா, காய் போதுமா என்று முதலில் பாருங்கள். இரண்டும் இருந்தும் பசித்தால், அந்த வேளைக்கு ஒரு பங்கு கூட்டுங்கள், வேறு வேளையிலிருந்து எடுத்து.

9. தராசை உள்ளே வைக்கலாமா?

நினைத்ததும் தராசு காட்டியதும் மூன்று நாள் தொடர்ந்து ஒட்டி வந்தால் வைத்துவிடலாம். 10 கிராம் நினைத்து 12 வந்தால் சரி. 10 நினைத்து 18 வந்தால் இன்னொரு வாரம்.

உள்ளே வைத்தது வைத்ததாகவே இருக்கக் கூடாது. கண் மெல்ல மெல்ல நழுவும், எப்போதும் கூடும் பக்கமாகத்தான், குறையும் பக்கமாக நழுவி நான் பார்த்ததில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இரண்டே பொருளைச் சோதியுங்கள்: புட்டியிலிருந்து கண்ணால் பார்த்து ஒரு டீஸ்பூன் எண்ணெய் ஒரு கிண்ணத்தில் ஊற்றுங்கள், இன்னொரு கிண்ணத்தில் ஒரு கைப்பிடி கொட்டை போடுங்கள், இரண்டையும் எடை பாருங்கள். போன முறை எனக்குக் கொட்டை சரியாக வந்தது. எண்ணெய் 9 கிராம் காட்டியது, அதாவது இரண்டு டீஸ்பூன். கரண்டி மறுபடியும் அடுப்புப் பக்கத்தில் தொங்குகிறது.